சீரியல் போர்ட்டில் மின்னழுத்தம் இருக்கிறதா என்று கணினியிடம் கேட்பது

கதவு திறந்திருக்கிறதா, மோட்டாருக்கு மின்சாரம் வருகிறதா, தொட்டியின் மிதவைச் சுவிட்ச் மூடிவிட்டதா என்று கணினியைக் கண்காணிக்கச் சொல்லும் வேலைகள் எல்லாம் கடைசியில் ஒரே கேள்வியில் வந்து நிற்கின்றன: இந்தக் கம்பியில் மின்னழுத்தம் இருக்கிறதா, இல்லையா? இதற்காக இப்போது பெரும்பாலோர் ஒரு மைக்ரோகண்ட்ரோலர் பலகையை வாங்கி, அதற்கென்று தனியாக ஒரு நிரல் எழுதி, அந்தப் பலகை சொல்வதைக் கேட்டுக்கொள்ளக் கணினியில் இன்னொரு நிரலும் எழுதுகிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் கண்காணிக்க வேண்டிய புள்ளிகள் நான்குக்கு மேல் போகாமல், கணினியும் இரவும் பகலும் ஓடிக்கொண்டே இருக்குமானால், அதன் பின்புறத்தில் இருக்கும் சீரியல் போர்ட்டே (ஒன்பது முனை கொண்ட பழைய தரவு இணைப்பான்) அந்த வேலையை முழுதாகச் செய்துவிடும் என்பதை இங்கே விரிவாக எழுதிவைக்க விரும்புகிறேன். மின்னழுத்தத்தைப் படிப்பது இதில் எளிதான பகுதிதான். ‘இல்லை’ என்று கணினி சொல்லும்போது அதற்கு என்ன பொருள் என்பதை முன்கூட்டியே முடிவு செய்து வைப்பதில்தான் உண்மையான வேலை இருக்கிறது.

சீரியல் போர்ட்டுக்கான ஆர்எஸ்-232 என்ற தரநிலை 1960-ல் வெளிவந்தது. நாம் இன்றும் பேசும் மின்னழுத்த அளவுகள் பெரும்பாலும் 1969-ல் வந்த அதன் ‘சி’ திருத்தத்தைச் சார்ந்தவை. மோடத்தையும் முனையத்தையும் இணைப்பதற்காக எழுதப்பட்ட தரநிலை என்பதால், தரவு போகவும் வரவும் இரண்டு கம்பிகள் இருப்பதோடு, ‘நான் தயார்’, ‘நீ அனுப்பலாம்’, ‘தொலைபேசி மணி அடிக்கிறது’ என்று ஒரு பக்கம் மறுபக்கத்துக்குச் சொல்வதற்கென்றே தனித்தனிக் கம்பிகளும் அதில் வைக்கப்பட்டன. ஒன்பது முனை இணைப்பானில் இந்தக் கம்பிகளின் சுருக்கப் பெயர்கள்: முனை 1 டிசிடி, 2 ஆர்எக்ஸ்டி, 3 டிஎக்ஸ்டி, 4 டிடிஆர், 5 தரை, 6 டிஎஸ்ஆர், 7 ஆர்டிஎஸ், 8 சிடிஎஸ், 9 ஆர்ஐ. கணினியின் பக்கத்திலிருந்து பார்த்தால் டிஎக்ஸ்டி, டிடிஆர், ஆர்டிஎஸ் ஆகிய மூன்றும் வெளியே போகும் கம்பிகள். மற்ற ஐந்தும் உள்ளே வருபவை. அந்த ஐந்தில் ஆர்எக்ஸ்டி தரவுக்கானது. மீதமுள்ள சிடிஎஸ், டிஎஸ்ஆர், டிசிடி, ஆர்ஐ என்ற நான்கும் எந்தத் தரவு வடிவத்தையும் எதிர்பார்ப்பதில்லை. அவற்றில் மின்னழுத்தம் ஏறினால் ஏறியது என்றும், இறங்கினால் இறங்கியது என்றும் நிரலுக்குத் தெரியும். பாட் வேகம் (நொடிக்கு எத்தனை பிட்), நிறுத்த பிட் (ஓர் எழுத்தின் முடிவைக் குறிப்பது) என்று நாம் அமைக்கும் எதுவும் இந்த நான்கையும் பாதிக்காது.

தரநிலையின்படி, பெறும் முனையில் +3 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் கட்டுப்பாட்டுக் கம்பி ‘ஆன்’, –3 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் ‘ஆஃப்’. இடைப்பட்ட பகுதி வரையறுக்கப்படாதது. இதைப் படித்துவிட்டு, எதிர்மின்னழுத்தம் இல்லாமல் இந்தப் போர்ட்டை ஒன்றும் செய்ய முடியாது என்று நினைப்பவர்கள் உண்டு. நடைமுறை வேறு. பழைய கணினிகளில் இருந்த 1489ஏ பெறும் சிப் ஆகட்டும், பின்னர் எங்கும் பரவிய மேக்ஸ்232 ஆகட்டும், இரண்டும் நேர்மின்னழுத்தப் பகுதிக்குள்ளேயே தங்கள் எல்லையை வைத்திருக்கின்றன. மேக்ஸ்232-ன் கணக்குப்படி 0.8 வோல்ட்டுக்குக் கீழே உறுதியாக ஆஃப், 2.4 வோல்ட்டுக்கு மேலே உறுதியாக ஆன். இடையில் ஏறக்குறைய அரை வோல்ட் தயக்கம் வைக்கப்பட்டிருப்பதால், எல்லையருகே மின்னழுத்தம் சற்று நடுங்கினாலும் விடை மாறி மாறி வராது. ஆகவே சுழியம் வோல்ட்டும் ஐந்து வோல்ட்டும் மட்டுமே தரக்கூடிய ஒரு சாதாரணச் சுற்றை இந்தப் போர்ட் தெளிவாகப் புரிந்துகொள்ளும். எதுவும் இணைக்கப்படாத உள்ளீடும் ஆஃப் என்றே தெரியும். ஏனென்றால் ஒவ்வொரு உள்ளீட்டுக்கும் தரைக்கும் இடையே, தரநிலை சொல்கிறபடி, 3 முதல் 7 கிலோ ஓம் வரையிலான மின்தடை சிப்புக்குள்ளேயே இருக்கிறது.

இந்த உள் மின்தடையைப் பலர் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். இது நமக்கு உதவியும் செய்கிறது, ஒரு நிபந்தனையும் விதிக்கிறது. உதவி என்னவென்றால், நீளமான கம்பியில் தூண்டலால் வரும் சில்லறை மின்னழுத்தங்கள் இந்த மின்தடையின் வழியே தரைக்கு இறங்கிவிடுகின்றன. நிபந்தனை, நாம் கொடுக்கும் சைகைக்குக் கொஞ்சமாவது வலு இருக்க வேண்டும் என்பது. 5 வோல்ட்டில், மிகக் குறைந்த 3 கிலோ ஓம் மின்தடையைக் கணக்கில் எடுத்தால், 1.7 மில்லி ஆம்பியர் மின்னோட்டத்தைத் தர முடிகிற மூலம் தேவை. சில மைக்ரோ ஆம்பியரே தரக்கூடிய உணரியை நேராக இணைத்தால் மின்னழுத்தம் சரிந்துவிடும். இடையில், சைகைக்கு வலு சேர்க்கும் ஒரு டிரான்சிஸ்டரோ பஃபரோ வேண்டும்.

முதலில் மின்னழுத்தமே இல்லாத நிலையைப் பார்ப்போம். கதவில் பொருத்தும் காந்தச் சுவிட்சும், மிதவைச் சுவிட்சும், ரிலேயின் தொடுமுனையும் தாமாக எந்த மின்னழுத்தத்தையும் தருவதில்லை; மூடும், திறக்கும், அவ்வளவுதான். இவற்றுக்கான மின்னழுத்தத்தைப் போர்ட்டே கொடுத்துவிடும். நிரல் போர்ட்டைத் திறந்து டிடிஆரை ஆன் செய்தால் முனை 4-ல் நேர்மின்னழுத்தம் வரும்; தரநிலை கேட்பது குறைந்தது 5 வோல்ட். முனை 4-லிருந்து 1 கிலோ ஓம் மின்தடை வழியாகச் சுவிட்சுக்கும், சுவிட்சின் மறுமுனையிலிருந்து முனை 8-க்கும் கம்பி இழுத்தால் சுற்று முடிந்தது. சுவிட்ச் மூடினால் சிடிஎஸ் ஆன், திறந்தால் ஆஃப். வெளியிலிருந்து மின்வழங்கி எதுவும் தேவையில்லை. அந்த 1 கிலோ ஓம், கம்பி எங்கேயாவது தரையைத் தொட்டுவிட்டால் டிடிஆர் சிப்பின் மீது சுமை ஏறாமல் இருப்பதற்காக. பழைய சீரியல் மவுஸ்கள் இப்படித்தான் டிடிஆர், ஆர்டிஎஸ் கம்பிகளிலிருந்தே தங்களுக்கான மின்சாரத்தை உறிஞ்சிக்கொண்டு ஓடின. லினக்ஸில் தொலையியக்கியைப் படிக்கப் பலரும் கையால் செய்துகொண்ட அகச்சிவப்புப் பெறுவானும் ஆர்டிஎஸ் கம்பியிலிருந்து ஒரு டையோடு, ஒரு 78எல்05 சிப் வழியாகத் தனக்கு 5 வோல்ட் எடுத்துக்கொண்டு, தன் சைகையை டிசிடியில் கொடுத்தது. கணினியிலிருந்து சில மில்லி ஆம்பியரைக் கடன் வாங்குவது இந்தப் போர்ட்டின் நெடுநாள் வழக்கம்.

ஒரு விதிவிலக்கைச் சொல்லிவிட வேண்டும். மின்சாரத்தைச் சேமிப்பதற்காகச் சில ஓட்டுநர் சிப்கள் (போர்ட்டின் கம்பிகளுக்கு மின்னழுத்தம் தருபவை), தங்கள் உள்ளீடுகளில் எதிலும் முறையான மின்னழுத்தம் இல்லை என்று கண்டால், வெளியீடுகளையும் தாமாகவே அணைத்துவிடும்படி அமைக்கப்படுவதுண்டு. மேக்ஸ்3243 போன்றவற்றில் இந்த வசதி இருக்கிறது. அப்படி அமைந்த போர்ட்டில், சுவிட்ச் திறந்திருக்கும்போது டிடிஆரிலும் மின்னழுத்தம் இருக்காது. சுவிட்ச் மூடினாலும் வராது. எனவே எதையும் இணைப்பதற்கு முன்பு, நிரலில் டிடிஆரை ஆன் செய்துவிட்டு முனை 4-க்கும் 5-க்கும் இடையே மல்டிமீட்டரை வைத்துப் பார்த்துவிடுவது நல்லது. +5 முதல் +12 வரை ஏதாவது காட்டினால் மேற்கொண்டு போகலாம்.

இனி வெளியிலிருந்து வரும் மின்னழுத்தம். 5 வோல்ட் சைகையை 1 கிலோ ஓம் வழியாக நேரே சிடிஎஸ்ஸுக்குக் கொடுக்கலாம். உள் மின்தடை 5 கிலோ ஓம் என்று கொண்டால் 4.2 வோல்ட் அளவுக்குப் போய்ச் சேரும். 3 கிலோ ஓம் என்றாலும் 3.75 வோல்ட் மிஞ்சும். பாதுகாப்பு கருதி 10 கிலோ ஓம் போட்டால் 1.7 வோல்ட்தான் மிஞ்சும், அது எல்லைக்குள் சிக்கிக்கொள்ளும். மின்தடையைக் கூட்டிக்கொண்டே போவது எப்போதும் பாதுகாப்பாகிவிடாது. 3.3 வோல்ட் சைகை பெரும்பாலும் வேலை செய்யும், ஆனால் அதே 1 கிலோ ஓமைப் போட்டு மோசமான நிலையைக் கணக்கிட்டால் 2.4-ஐ மயிரிழையில்தான் தாண்டுகிறது. அதை நம்பி ஒரு கண்காணிப்பு அமைப்பைக் கட்ட நான் துணியமாட்டேன். 12 வோல்ட் எந்தச் சிக்கலும் இல்லாதது. 24 வோல்ட்டுக்கு 4.7 கிலோ ஓம் தொடரில் போட்டால், உள் மின்தடை 3 கிலோ ஓமாக இருந்தால் 9.4 வோல்ட்டும், 7 கிலோ ஓமாக இருந்தால் 14.4 வோல்ட்டும் போர்ட்டுக்கு வரும். இரண்டும் ஏற்கத்தக்க அளவே.

ஆனால் இவையெல்லாம் வெளிச்சுற்றின் தரையும் கணினியின் தரையும் ஒன்றாக இணையலாம் என்ற அனுமானத்தில் சொன்னவை. மேசைக்கணினியின் சீரியல் போர்ட்டில் உள்ள முனை 5, கணினியின் உலோகக் கூட்டோடும், அதன் வழியே மின்பிளக்கின் எர்த்தோடும் சேர்ந்திருக்கிறது. வெளியே உள்ள கருவி வேறொரு இடத்தில் எர்த் செய்யப்பட்டிருந்தால், இரண்டு எர்த்துகளுக்கும் இடையே உள்ள வேறுபாடு நமது மெல்லிய சைகைக் கம்பியின் வழியே ஓடத் தொடங்கும். சில கருவிகளில் நேர்முனையே எர்த்தோடு இணைக்கப்பட்டிருக்கும். அத்தகைய ஒன்றின் எதிர்முனையை முனை 5-ல் இணைத்தால் அது நேரடியான குறுக்குச்சுற்று. ஒரே மேசையில், ஒரே மின்வழங்கியிலிருந்து ஓடும் சிறு சுற்று என்றால் நேராக இணைக்கலாம். அறையைத் தாண்டிப் போகும் எந்தக் கம்பிக்கும், மோட்டார், ரிலே போன்றவை இருக்கும் எந்தச் சுற்றுக்கும், இரண்டு பக்கத்தையும் மின்சாரத்தால் இணைக்காத ஆப்டோகப்ளர் வேண்டும் என்பதே என் கருத்து. அதன் விலையும் உழைப்பும் மிகக் குறைவு. அது காப்பாற்றும் கணினியின் மதிப்பு அப்படியல்ல.

ஆப்டோகப்ளர் என்பது ஒரே உறைக்குள் வைக்கப்பட்ட ஒரு எல்இடியும் ஒளியால் இயங்கும் ஒரு டிரான்சிஸ்டரும். பிசி817, 4என்35 போன்றவை எளிதாகக் கிடைப்பவை. எல்இடி வெளிச்சுற்றோடு இணையும், டிரான்சிஸ்டர் போர்ட்டோடு இணையும். இரண்டுக்கும் இடையே ஒளி மட்டுமே கடக்கும். எல்இடியில் ஏறக்குறைய 1.2 வோல்ட் விழும் என்பதையும், 5 மில்லி ஆம்பியர் மின்னோட்டம் போதும் என்பதையும் வைத்துத் தொடர் மின்தடையைக் கணக்கிடலாம். 5 வோல்ட்டுக்கு 680 ஓம், 12 வோல்ட்டுக்கு 2.2 கிலோ ஓம், 24 வோல்ட்டுக்கு 4.7 கிலோ ஓம் என்று வைத்தால் எல்லாமே 5 மில்லி ஆம்பியரை ஒட்டி வரும். எல்இடி தலைகீழ் மின்னழுத்தத்தை அதிகம் தாங்காது. பிசி817-ல் அதன் எல்லை 6 வோல்ட். ஆகவே ஒரு 1என்4148 டையோடை எல்இடிக்குக் குறுக்கே எதிர்த்திசையில் வைத்துவிட்டால், யாராவது கம்பிகளை மாற்றி இணைத்தாலும் சிப் பிழைத்துக்கொள்ளும்.

டிரான்சிஸ்டர் பக்கத்தில் கலெக்டர் (மின்னோட்டம் நுழையும் முனை) டிடிஆருக்கும் எமிட்டர் (வெளியேறும் முனை) சிடிஎஸ்ஸுக்கும் போக வேண்டும். வெளியே மின்னழுத்தம் வந்ததும் எல்இடி ஒளிரும், டிரான்சிஸ்டர் கடத்தும், டிடிஆரின் நேர்மின்னழுத்தம் ஒரு வோல்ட் குறையச் சிடிஎஸ்ஸை அடையும். பல வரைபடங்கள் இதோடு நின்றுவிடுகின்றன. இதில் ஒரு நுணுக்கம் விடுபடுகிறது. நிரல் ஓடாதபோது டிடிஆர் சுழியத்தில் நிற்பதில்லை. எதிர்மின்னழுத்தத்துக்கு, சில கணினிகளில் –12 வோல்ட் வரை, போய்விடுகிறது. அப்போது டிரான்சிஸ்டரின் கலெக்டர் எமிட்டரைவிடத் தாழ்ந்துவிடும். அந்தத் திசையில் இத்தகைய ஆப்டோகப்ளர்கள் தாங்கும் என்று உறுதியளிக்கப்படுவது 6, 7 வோல்ட் மட்டுமே. உள் மின்தடை மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துவதால் சிப் உடனே எரிந்துவிடாது என்றாலும், கணினி அணைந்து எழும் ஒவ்வொரு முறையும் எல்லை மீறி நடத்தப்படும் ஒரு பாகத்தை நம்பிக் கண்காணிப்பை வைப்பது முறையல்ல. டிடிஆருக்கும் கலெக்டருக்கும் இடையே இன்னொரு 1என்4148 போட்டால் தீர்ந்தது.

சுவர் பிளக்கில் வரும் நேரடி மின்வலை மின்சாரத்தைக் கண்டறிவது பற்றி ஒரு சொல். மின்தடை ஒன்றைப் போட்டு மின்வலையையே ஆப்டோகப்ளரின் எல்இடிக்குக் கொடுக்கும் வரைபடங்கள் உண்டு. அதற்கென்றே இருதிசை எல்இடி கொண்ட எச்11ஏஏ1 போன்ற சிப்களும் உண்டு. உயர் மின்னழுத்தத்தைப் பாதுகாப்பாகக் கையாளத் தெரிந்தவர்களுக்கு மட்டுமே அது. மற்றவர்களுக்கு, கண்காணிக்க வேண்டிய மின்னிணைப்பில் ஒரு சாதாரண 12 வோல்ட் அடாப்டரைச் செருகி, அதன் வெளியீட்டை மேலே சொன்ன ஆப்டோகப்ளருக்குக் கொடுப்பதே சரியான வழி. மின்சாரம் போன பிறகும் அடாப்டருக்குள் இருக்கும் மின்தேக்கி சிறிது நேரம், சுமை குறைவாக இருந்தால் ஓரிரு நொடிகூட, மின்னழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கும். அந்தத் தாமதம் கூடாதென்றால் வெளியீட்டுக்குக் குறுக்கே 1 கிலோ ஓம் மின்தடை ஒன்றைப் போட்டு அதை விரைவாக வடிக்கலாம்.

நிரல் பக்கம் வருவோம். 1981-ல் வந்த ஐபிஎம் பிசியில் இருந்த 8250 சிப்பும் அதன் வழிவந்த 16550ஏ சிப்பும் இந்த நான்கு உள்ளீடுகளின் நிலையை ‘மோடம் நிலை ரிஜிஸ்டர்’ என்ற, சிப்புக்குள் இருக்கும் ஒரே பைட்டில் வைத்திருக்கின்றன. முதல் போர்ட்டின் அடிமுகவரி பதின்ம எண்ணில் 1016. அதோடு 6 கூட்டிய 1022-ல் இந்த ரிஜிஸ்டர் இருக்கிறது. அதைப் படித்தால் கிடைக்கும் எண்ணில் 16 என்ற பிட் சிடிஎஸ், 32 டிஎஸ்ஆர், 64 ஆர்ஐ, 128 டிசிடி. கீழ்ப்பாதியின் நான்கு பிட்களும், கடைசியாகப் படித்ததற்குப் பிறகு எந்தக் கம்பி மாறியது என்பதைச் சொல்கின்றன. ஒருமுறை படித்ததும் அவை அழிந்துவிடும். இதில் ஆர்ஐ மட்டும் தனிப்போக்கு உடையது. மற்ற மூன்றும் ஏறினாலும் இறங்கினாலும் மாற்றம் என்று குறிக்கும்; ஆர்ஐ, மின்னழுத்தம் இறங்கும்போது மட்டுமே குறிக்கும், ஏனென்றால் தொலைபேசி மணியின் ஒரு ஒலிப்பு முடிந்ததை எண்ணுவதற்காக அது வைக்கப்பட்டது. நிலையைப் படிக்க ஆர்ஐ எல்லாவற்றையும் போலத்தான். மாற்றத்தைப் பிடிக்க அதைக் கடைசித் தேர்வாக வைத்துக்கொள்ளுங்கள்.

டாஸ் காலத்தில் இந்த முகவரியை நேராகப் படித்தோம். இன்றைய இயக்குதளங்கள் அதை விடுவதில்லை. அவற்றின் வழியே கேட்க வேண்டும். விண்டோஸில் ‘கெட்காம்மோடம்ஸ்டேட்டஸ்’ என்ற அழைப்பு நிலையைத் தரும். டிசிடியை விண்டோஸ் ஆர்எல்எஸ்டி என்று அழைக்கிறது என்பதை நினைவில் கொண்டால் குழப்பம் வராது. லினக்ஸில் ‘டிஐஓசிஎம்கெட்’ என்ற கட்டளை அதே வேலையைச் செய்கிறது. பைத்தானில் எழுதுபவர்களுக்குப் பைசீரியல் நூலகம் இரண்டையும் மறைத்து, சிடிஎஸ், டிஎஸ்ஆர், ஆர்ஐ, சிடி என்று நான்கு பண்புகளாகக் கொடுக்கிறது. ஒவ்வொன்றும் உண்மை அல்லது பொய் என்று விடை சொல்லும். அந்த நூலகம் போர்ட்டைத் திறக்கும்போதே டிடிஆரையும் ஆர்டிஎஸ்ஸையும் ஆன் செய்துவிடுவதால், மேலே சொன்ன சுற்றுக்குத் தனியாக எதுவும் செய்ய வேண்டியதில்லை. சிடிஎஸ்ஸைப் பயன்படுத்தும்போது வன்பொருள் ஓட்டக் கட்டுப்பாடு (சிடிஎஸ்ஸைப் பார்த்துத் தரவு அனுப்புவதை நிறுத்தும் வசதி) அணைந்திருக்கிறதா என்று மட்டும் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

கதவு, மிதவை, மின்வெட்டு நேரம் போன்றவற்றுக்கு நொடிக்கு இருபது முறை நிலையைப் படித்துப் பார்ப்பதே போதும். கணினிக்கு அது சுமையே அல்ல. சுழலும் சக்கரத்தின் துடிப்புகளை எண்ணுவது போன்ற வேலைக்கு அந்த முறை பற்றாது. இரண்டு வாசிப்புகளுக்கு இடையே வந்து போன துடிப்பு பதிவாகாமலே போய்விடும். லினக்ஸில் ‘டிஐஓசிஎம்ஐவெயிட்’ என்று கேட்டால் கம்பி மாறும் வரை நிரல் உறங்கும், மாறியதும் எழும். அதிலும் ஓர் ஓட்டை உண்டு: எழுந்த நிரல் தன் வேலையைச் செய்துவிட்டு மீண்டும் உறங்கப் போவதற்குள் இன்னொரு மாற்றம் நேர்ந்தால் அது தவறிவிடும். இதற்காகவே, ஒவ்வொரு கம்பியும் எத்தனை முறை மாறியது என்ற எண்ணிக்கையை, இயக்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் தனியாக வைத்திருக்கிறது; எழும்போதெல்லாம் ‘டிஐஓசிஜிஐகவுண்ட்’ மூலம் அந்த எண்ணிக்கையைக் கேட்டு முந்தைய எண்ணிக்கையிலிருந்து கழித்தால் கணக்கு தப்பாது.

சுவிட்ச் மூடும்போது அதன் உலோக நாக்கு ஒரே தடவையில் ஒட்டிக்கொள்வதில்லை. சில மில்லி நொடிகளுக்கு ஒட்டியும் விலகியும் துள்ளுகிறது. மாற்றங்களை எண்ணும் நிரலுக்கு ஒரு கதவு பலமுறை திறந்து மூடியதாகத் தோன்றும். மாற்றம் தெரிந்ததும் 30 மில்லி நொடி காத்திருந்து மீண்டும் படித்து, அதே நிலை நீடித்தால் மட்டும் ஏற்றுக்கொள்வது வழக்கமான தீர்வு. எனக்குப் பிடித்தது வேறொன்று. குறுகிய துடிப்பை நிலைக் கம்பிகளில் கொடுக்காமல், தரவு வரும் ஆர்எக்ஸ்டியில் கொடுப்பது. அந்தக் கம்பியில் நேர்மின்னழுத்தம் வந்ததும் சிப் அதை ஓர் எழுத்தின் தொடக்க பிட் என்று எடுத்துக்கொண்டு, அடுத்த எட்டு பிட் காலத்துக்கும் கம்பியைப் படித்து, ஒரு பைட்டாக்கி, இடைக்கிடங்கில் போட்டுவைக்கிறது. 300 பாட் வேகத்தில் ஒரு பிட் 3.3 மில்லி நொடி. ஒரு முழு எழுத்து ஏறக்குறைய 33 மில்லி நொடி. அதற்குள் நேரும் துள்ளல் எல்லாம் ஒரே எழுத்துக்குள் அடங்கிவிடும். நிரல் சற்றுத் தாமதமாக வந்தாலும் எழுத்து காத்திருக்கும். வந்த பைட்டுகளை எண்ணினால் துடிப்புகளை எண்ணியதாகிவிடும்.

இன்னும் ஒரு பயனும் இதில் இருக்கிறது. துடிப்பு தெளிவானதாக இருந்தால், பைட்டின் மதிப்பே அதன் அகலத்தைச் சொல்லிவிடும். ஒரு பிட் காலமே நீடித்த துடிப்பு 255 என்றும், இரண்டு பிட் காலம் நீடித்தது 254 என்றும், மூன்று என்றால் 252 என்றும் வரும், ஏனென்றால் நேர்மின்னழுத்தம் தரவுக் கம்பியில் சுழியத்தைக் குறிக்கிறது, பிட்கள் சிறியதிலிருந்து தொடங்கி வருகின்றன. மின்னழுத்தம் முழு எழுத்துக் காலத்துக்கும் மேலாக நீடித்தால் சிப் அதை ‘பிரேக்’ என்று குறித்து ஒரே ஒரு சுழிய பைட்டைத் தந்துவிட்டு, கம்பி மீண்டும் இறங்கும் வரை பேசாமல் இருக்கும்.

துல்லியம் எவ்வளவு என்று கேட்பவர்களுக்கு நல்ல சான்று கடிகார ஒத்திசைவில் இருக்கிறது. ஜிபிஎஸ் பெறுவான்கள் நொடிக்கொரு துடிப்பைத் தருகின்றன. அந்தத் துடிப்பைச் சீரியல் போர்ட்டின் டிசிடி கம்பியில் கொடுத்து, கணினியின் கடிகாரத்தை மைக்ரோ நொடி அளவுக்குத் திருத்தி வைக்கும் முறை பல ஆண்டுகளாக நடைமுறையில் இருக்கிறது. அதற்கான நிரல் இடைமுகம் 2000-ல் ஆர்எஃப்சி 2783 என்ற ஆவணமாகவே வெளியிடப்பட்டது. கம்பி மாறியதும் சிப் இன்டரப்ட் (கணினியை உடனே கவனிக்கச் சொல்லும் சைகை) எழுப்ப, கெர்னல் அந்தக் கணத்திலேயே நேரத்தைக் குறித்துக்கொள்வதால்தான் இது கூடுகிறது.

யுஎஸ்பி சீரியல் அடாப்டரில் இந்தத் துல்லியத்தை எதிர்பார்க்கக் கூடாது. அங்கே கம்பியின் நிலை யுஎஸ்பி பொட்டலத்தில் ஏறித்தான் கணினிக்கு வர வேண்டும். யுஎஸ்பி முழுவேகத்தில் காலச் சட்டகமே 1 மில்லி நொடி. கதவுக்கும் மிதவைக்கும் இது ஒரு குறையே அல்ல. வேறு இரண்டைக் கவனிக்க வேண்டும். சில மலிவான அடாப்டர்களில் சிப்பில் இருக்கும் எல்லாக் கம்பிகளும் இணைப்பான் வரை கொண்டுவரப்படுவதில்லை; ஒன்பது முனைகள் கண்ணுக்குத் தெரிந்தாலும் ஆர்ஐயோ டிசிடியோ எங்கும் போய்ச் சேராமல் இருக்கலாம். டிடிஆரிலிருந்து ஒரு மின்தடை வழியாக ஒவ்வொரு உள்ளீட்டையும் தொட்டுப் பார்த்து, நிரலில் மாறுகிறதா என்று சோதித்துவிட்டால் ஐயம் இருக்காது. இரண்டாவது இன்னும் முக்கியமானது. ஒன்பது முனை இணைப்பான் இல்லாமல், வெறும் ஊசிமுனைகளோடு வரும் டிடிஎல் வகை (சுழியம், 5 வோல்ட் அளவுகளில் இயங்கும்) அடாப்டர்களில் ஆர்எஸ்-232 மின்னழுத்தச் சிப்பே கிடையாது. அங்கே சிடிஎஸ் முனையில் சுழியம் வோல்ட் இருந்தால் ஆன், 5 வோல்ட் இருந்தால் ஆஃப், எல்லாம் தலைகீழ். எஃப்டி232ஆர் சிப்பின் உள்ளீடுகளில் மேல்நோக்கி இழுக்கும் 200 கிலோ ஓம் மின்தடை உள்ளேயே இருப்பதால், அவற்றில் சுவிட்சை உள்ளீட்டுக்கும் தரைக்கும் இடையே போட்டாலே போதும். ஆனால் 12 வோல்ட்டை அங்கே கொண்டுபோய்த் தொட்டால் அடாப்டரின் ஆயுள் அத்தோடு முடிந்தது.

இப்போது தொடக்கத்தில் சொன்ன ‘இல்லை’ என்ற விடையைப் பார்ப்போம். சிடிஎஸ் ஆஃப் என்று நிரல் சொன்னால், வெளியே மின்னழுத்தம் இல்லை என்பது ஒரு காரணம் மட்டுமே. கம்பி அறுந்திருக்கலாம், இணைப்பான் தளர்ந்திருக்கலாம், வேறொரு நிரல் போர்ட்டை மூடியதில் டிடிஆர் இறங்கியிருக்கலாம், ஆப்டோகப்ளர் பழுதாகியிருக்கலாம். கணினிக்கு இவை எல்லாமே ஒன்றுதான். ஆன் என்ற விடை அப்படியல்ல. பெரும்பாலும் முழுச் சுற்றும் சரியாக இருந்தால் மட்டுமே அது வரும். இதிலிருந்து ஒரு விதி தானாகப் பிறக்கிறது: நலமான நிலைக்கு ஆனையும், எச்சரிக்கைக்கு ஆஃபையும் ஒதுக்க வேண்டும். கதவு மூடியிருக்கும்போது மூடியிருக்கும் சுவிட்சைத் தேர்ந்தெடுத்தால், கதவு திறந்தாலும் கம்பி அறுந்தாலும் எச்சரிக்கை வரும். மாறாகத் திறந்தால் மூடும் சுவிட்சைத் தேர்ந்தெடுத்தால், அறுந்த கம்பி ‘எல்லாம் நலம்’ என்றே ஆண்டுக்கணக்கில் சொல்லிக்கொண்டிருக்கும்.

பழைய யுபிஎஸ்கள் இந்தப் போர்ட்டைப் பயன்படுத்திய விதத்தைப் பார்த்தால் இந்த முடிவை எத்தனை வகையாக எடுக்கலாம் என்பது தெரியும். விண்டோஸ் என்டி காலத்தில் மின்வெட்டுச் சைகைக்குச் சிடிஎஸ்ஸும், மின்கலம் தீரும் சைகைக்கு டிசிடியும், யுபிஎஸ்ஸை அணைக்க டிடிஆரும் ஒதுக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு கம்பிக்கும் நேர்மின்னழுத்தம் எச்சரிக்கையா, எதிர்மின்னழுத்தம் எச்சரிக்கையா என்று பயனரே தேர்ந்தெடுக்க வேண்டும். தயாரிப்பாளர்கள் ஆளுக்கொரு பக்கம் போனதால் வேறு வழியில்லை. லினக்ஸின் நெட்வொர்க் யுபிஎஸ் டூல்ஸில் இத்தகைய யுபிஎஸ்களுக்கான டிரைவர் ஒரு நீண்ட வகைப்பட்டியலோடு வருவதற்கும் காரணம் இதுவே.

தவறான எச்சரிக்கையும் கூடாது, தவறவிட்ட எச்சரிக்கையும் கூடாது என்ற இடங்களில் நான் இரண்டு உள்ளீடுகளைச் செலவழிப்பேன். மாற்றுத் தொடுமுனை கொண்ட ஒரு ரிலேயை எடுத்துக்கொண்டு, அதன் பொது முனையை டிடிஆரோடும், திறந்திருக்கும் முனையைச் சிடிஎஸ்ஸோடும், மூடியிருக்கும் முனையை டிஎஸ்ஆரோடும் இணைத்தால், எந்த நேரத்திலும் இரண்டில் ஒன்றும் ஒன்று மட்டுமேயும் ஆன் ஆக இருக்க வேண்டும். இரண்டும் ஆஃப் என்றால் கம்பி அறுந்துவிட்டது அல்லது டிடிஆர் இல்லை. இரண்டும் ஆன் என்றால் கம்பிகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன. ரிலேயின் நாக்கு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகும் சில மில்லி நொடிகளுக்கு இரண்டும் ஆஃப் ஆகத் தெரியும் என்பதால், அந்த நிலை 100 மில்லி நொடியாவது நீடித்த பின்பே பழுது என்று அறிவிக்க வேண்டும்.

இதோடு நிரலே செய்துகொள்ளக்கூடிய ஒரு சோதனையையும் சேர்க்கலாம். மணிக்கொரு முறை டிடிஆரைக் கணநேரம் இறக்கினால் அதனால் ஊட்டப்படும் எல்லா உள்ளீடுகளும் ஆஃப் ஆக வேண்டும். டிடிஆர் இறங்கிய பிறகும் ஏதாவது ஒன்று ஆன் ஆகவே நின்றால், அந்தக் கம்பிக்கு வேறு எங்கிருந்தோ மின்னழுத்தம் வந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அதுவரை அது சொன்ன ‘நலம்’ எதையும் நம்ப முடியாது. டிடிஆரிலிருந்து மின்சாரம் எடுத்துக்கொள்ளும் சுற்றுக்கு மட்டுமே கிடைக்கும் வசதி இது. வெளிமின்னழுத்தத்தை நேராகச் சிடிஎஸ்ஸில் கொடுத்திருந்தால் இப்படிச் சோதிக்க வழியில்லை; ஆப்டோகப்ளரை நான் விரும்புவதற்கு இது இன்னொரு காரணம்.

எத்தனை வோல்ட் என்று அளக்க இந்த நான்கு கம்பிகளால் முடியாது. எல்லையைத் தாண்டியதா என்பது மட்டுமே அவற்றுக்குத் தெரியும். 12 வோல்ட் மின்கலம் 11 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிட்டதா என்பது போன்ற கேள்விக்கு எல்எம்393 போன்ற ஒரு ஒப்பிடும் சிப்பை வெளியே வைத்து, மின்கலத்தின் மின்னழுத்தத்தை ஒரு நிலையான மின்னழுத்தத்தோடு ஒப்பிட்டு, அதன் வெளியீட்டை ஆப்டோகப்ளருக்குக் கொடுக்கலாம். அந்தச் சிப்பின் வெளியீடு தரையை நோக்கி இழுக்க மட்டுமே வல்லது என்பதால், எல்இடியின் நேர்முனையை மின்தடை வழியாக மின்கலத்தின் நேர்முனையோடும், எதிர்முனையைச் சிப்பின் வெளியீட்டோடும் இணைக்க வேண்டும். மின்கலம் நலமாக இருக்கும்போது எல்இடி ஒளிரும்படி ஒப்பீட்டின் திசையை அமைத்துக்கொண்டால், மின்கலம் தளர்ந்தாலும், சிப் பழுதானாலும், கம்பி அறுந்தாலும் சிடிஎஸ் ஆஃப் ஆகும். எல்லைக்கருகில் மின்கலம் ஏறியும் இறங்கியும் ஆடும்போது எச்சரிக்கை விட்டுவிட்டு வராமலிருக்க, ஒப்பிடும் சிப்பின் வெளியீட்டிலிருந்து அதன் நேர் உள்ளீட்டுக்கு ஒரு பெரிய மின்தடையைப் பின்னூட்டமாகப் போட்டு, அதற்கும் சிறிது தயக்கத்தைக் கொடுத்துவிட வேண்டும்.